ஏழாவது குட்டி

பரிபூரணத்தை எனக்கு இரண்டு வகையில் தெரியும். ராஜபாளையத்தில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்த நூற்பு மில்லில் அவள் நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தாள். அது போக, தெருவில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். என் தங்கை வயது இருக்கும் அவளுக்கு. என்னை அண்ணாச்சி என்பாள்.

பதினோரு வருஷம் மெஷின் இரைச்சலில் நின்றவள் என்பதால் வீட்டுக்குள் பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும். ஆனால் அதிகம் பேசமாட்டாள். பாதிப் பேச்சு கையால்தான். மில்லுக்குள் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு கைப்பேச்சு வைத்திருந்தார்கள். ஐந்து விரலையும் கூட்டி வாயருகே கொண்டுபோனால் சாப்பாட்டு நேரம். மீசையை முறுக்குவதுபோலக் காட்டினால் மேஸ்திரி வருகிறார். அவள் புருஷன் ஞானதுரை அந்தக் கைப்பேச்சைக் கல்யாணமான வருஷத்திலேயே படித்துக்கொண்டார். "வேற வழி? இல்லேன்னா நம்ம வீட்டுச் சங்கதி அம்புட்டும் தெருவுக்குத் தெரிஞ்சுபோவும்லா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஞானதுரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பும்போது அவரோடு சேர்ந்து ரொட்டி வாசனையும் தெருவுக்குள் வரும். ஒரே மகள் தங்கபாய் மதுரையில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

1985 ஆகஸ்டில் சம்பளப் பேச்சு முறிந்து எங்கள் மில் மூடியது. ஏழு மாதம் திறக்கவில்லை. நாங்கள் எல்லாம் கேட் முன்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தோம். பரிபூரணத்துக்கு உட்காரத் தெரியாது. பேக்கரியில் உடைந்துபோகிற ரஸ்க்கை ஞானதுரை பையில் கட்டிக்கொண்டு வருவார். அதைக் கூடையில் வைத்து நாய் வளர்க்கிற வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் நிறம், நீளக் கால். எங்கள் ஊர் பெயரையே வைத்துக் கூப்பிடுகிற அந்த ஜாதி நாய்களைப் பெருமைக்காகவே பரம்பரை பரம்பரையாக வளர்க்கிறவர்கள் உண்டு. கோதண்டராம ராஜா அப்படிப்பட்டவர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற மனிதர். கம்பீரமாக இருப்பார், குரலை உயர்த்தமாட்டார்.

ஜனவரி கடைசியில் ஒருநாள் ரஸ்க் கூடையோடு அந்த வீட்டுப் பின்கட்டுக்குப் போனபோது குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. ஏழு குட்டி. பிறந்து மூன்று வாரம். தாய் நாய்க்கு மடி வீங்கிக் கல்லாகக் கட்டிப்போய், குட்டி வாயை வைத்தாலே உறுமி எழுந்து போனது. நாய்களைப் பார்த்துக்கொள்கிற கருத்தப்பாண்டி ஒரு குழிந்த கிண்ணத்தில் பசும்பாலை ஊற்றி, ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைப் பிடித்து அதற்குள் முக்கிக்கொண்டிருந்தார். மூக்கில் பால் ஏறி அவை தும்மின. குடித்தபாடில்லை.

பரிபூரணம் கூடையை இறக்கிவைத்தாள்.

"அண்ணே, செத்த நேரம் எங்கிட்டத் தாங்க."

கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, தின்பண்டம் மூடுகிற தட்டையான எவர்சில்வர் மூடியை வாங்கினாள். வெந்நீர் கலந்த பாலை அதில் விரல் நனைகிற அளவுக்கு ஊற்றினாள். சுண்டு விரலைத் தொட்டுக் குட்டியின் வாயில் வைத்தாள். அது சப்பியது. விரலை மெல்லக் கீழே இறக்கி மூடிக்குக் கொண்டுபோனாள். வாயும் விரலோடு இறங்கிப் பாலில் பட்டது. நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. இன்னொரு முறை வந்தது. முதல் குட்டி நக்கப் பழகுவதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும். ஏழும் முடிய மத்தியானமாகிவிட்டது.

ராஜா மாடிப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் கிளம்பும்போதுதான் கீழே வந்தார்.

"மில் திறக்கிற வரைக்கும் தினம் வருவியாம்மா?"

"வாரேன் ஐயா."

"ரெண்டு மாசத்துல இதுகளைக் கேட்டு ஆள் வருவாங்க. எல்லாரும் தோப்பு, வயல்னு இருக்கிறவங்க. நேரத்துக்குப் பால் காய்ச்சி ஊத்த அவங்களால ஆகாது. காலையில உலர்ந்த தீனியை வச்சிட்டுப் போனா தானே திங்கணும். அந்த அளவுக்குப் பழக்கிக் குடுத்துரு."

இப்படித்தான் அந்த வேலை அவளுக்கு வந்தது.

முதல் வாரமே ஒரு தவறு செய்தாள். குட்டிகள் நக்கப் பழகிய சந்தோஷத்தில் ரஸ்க்கையும் பாலில் ஊறவைத்துக் கரைத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் ஏழும் தண்ணீராகப் போயின. பின்கட்டு முழுக்க நாற்றம். பயந்துபோய் இரண்டு குட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே கம்பவுண்டராக இருந்த ஐயாதுரை குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தார்.

"ரஸ்க்குல சீனி இருக்கும்லா. குட்டி வயிறு தாங்காது. பாலையும் குறைச்சுக்கிட்டே வரணும். ஆனா ஒரே நாள்ல மாத்திராதிய. இன்னைக்குக் கஞ்சின்னா நாலு நாளைக்குக் கஞ்சி. பொறவு கூழு. பொறவு களி. ஒவ்வொண்ணுலயும் வெளிக்கு இறுகலாப் போவுதான்னு பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க. உலர்ந்தது குடுக்க ஆரம்பிச்சா பக்கத்துல எப்பவும் தண்ணி இருக்கணும்."

அன்று சாயங்காலம் ஞானதுரை வந்ததும் அவரிடம் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"சீனி இல்லாம ரஸ்க்கு போட முடியுமா?"

"சீனி இல்லாட்டி அதுக்குப் பேரு ரஸ்க்கா?"

"பேரு எதுவா இருந்தா என்ன. குட்டி என்ன பேரா கேக்கப் போவுது."

ஞானதுரை இரண்டு நாள் யோசித்தார். பிறகு பேக்கரி முதலாளியிடம் சொல்லிவிட்டு, அன்றைய ரொட்டியெல்லாம் வெந்து அடுப்புத் தணல் அடங்கிய பிறகு ஒரு தட்டு போட்டார். கேப்பை மாவு, கோதுமைத் தவிடு, முட்டை, கொஞ்சம் கடலெண்ணெய். மெல்லிசாகத் தட்டிப் புளியமுத்து அளவுக்குத் துண்டு போட்டு, அடங்கின சூட்டில் அப்படியே காயவிட்டார். கருத்துப்போய் மொறுமொறுவென்று வந்தன. அவரே இரண்டைத் தின்று பார்த்தார். என்னிடமும் ஒன்றைக் கொடுத்தார். மோசமில்லை. டீக்குத் தொட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

பரிபூரணம் அந்தத் துண்டுகளை முதலில் அம்மியில் பொடித்து வெந்நீரில் கரைத்துக் கஞ்சியாகக் கொடுத்தாள். நாலு நாள் கழித்துத் தண்ணீரைக் குறைத்துக் கூழாக்கினாள். ஒரு நாளைக்கு நான்கு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் தட்டைத் தரையில் வைத்து ஒரு கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். சத்தம் கேட்டால் எங்கே கிடந்தாலும் குட்டிகள் உருண்டு புரண்டு ஓடிவரும். கூழில் காலை வைத்து, முகமெல்லாம் அப்பிக்கொண்டு, ஒன்றன் காதை மற்றொன்று நக்கும். ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு ஞானதுரை கைத்தராசு ஒன்றைக் கொண்டுபோய், மாவு நிறுக்கிற மாதிரி குட்டிகளை ஒவ்வொன்றாக நிறுப்பார். அவள் சிலேட்டில் எழுதுவாள்.

அந்தச் சிலேட்டில்தான் ஏழாவது குட்டி தனியாகத் தெரிந்தது. ஆறு குட்டியும் வாரத்துக்கு அரைக் கிலோவாவது ஏறின. ஒரு பெட்டைக் குட்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மற்றவை தட்டை வழித்து முடித்த பிறகுதான் அது வந்து சேரும். சில வேளை வராமலே தாயின் சாக்கில் சுருண்டு கிடக்கும்.

"அது சோம்பேறி தாயி. ஒவ்வொரு ஈத்துலயும் அப்படி ஒண்ணு வரும்" என்றார் கருத்தப்பாண்டி.

அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மடியில் எடுத்துவைத்து விரலில் தொட்டுக் கொடுத்தால் ஆவலாகத் தின்றது. பசி இல்லாத குட்டி இப்படித் தின்னாதே என்று அவளுக்குக் குழப்பம்.

பிப்ரவரி கடைசியில் மில் திறப்பு பற்றிப் பேச்சுவார்த்தை கூடிவந்தது. மெஷின்களுக்கு எண்ணெய் போட ஆள் எடுத்தார்கள். ஒருநாள் பதினோரு மணிக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகு, மில் சங்கை ஊதிப் பார்த்தார்கள். ஊரே வெளியில் வந்து நின்றது. நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பரிபூரணம் அப்போது ராஜா வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஏழாவது குட்டி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சங்கு ஊதியதும் தாய் நாய் முகத்தை மேலே தூக்கி ஊளையிட்டது. ஆறு குட்டிகள் பதறிச் சிதறின. ஒன்று தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே விழுந்தது. மடியில் கிடந்த குட்டி கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கியது.

சங்கு ஓய்ந்த பிறகும் அவள் அசையாமல் இருந்தாள். பிறகு குட்டியைத் தரையில் விட்டு, அது முகம் திருப்பியிருந்த நேரம் பின்னால் கரண்டியால் தட்டில் ஓங்கி அடித்தாள். திரும்பவில்லை. கைகொட்டினாள். திரும்பவில்லை. காலால் தரையை ஒரு மிதி மிதித்தாள். தரை அதிர்ந்ததும் குட்டி திரும்பி அவளைப் பார்த்தது.

கருத்தப்பாண்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அருகில் வந்து குந்தினார்.

"செவிடா தாயி?"

"ஆமாண்ணே."

"வெள்ளையில அப்பப்ப வரும்." அவர் குரலைத் தணித்தார். "இந்த வீட்டுல செவிட்டுக் குட்டியை வச்சிருக்கமாட்டாவ. குடுக்கவும் மாட்டாவ. பேரு கெட்டுப்போவும்னு."

"பொறவு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, ஐயாகிட்ட இப்பச் சொல்லாதிய. அது தானாத் திங்கப் பழகட்டும். தானாத் திங்கத் தெரிஞ்சா எங்க விட்டாலும் பொழச்சுக்கிடும்."

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று முதல் அந்தக் குட்டிக்குத் தனித் தட்டு. தட்டை வைத்ததும் தரையை மிதிப்பாள். அது பார்க்கும். பார்த்ததும் ஐந்து விரலையும் கூட்டித் தன் வாயருகே கொண்டுபோவாள். மில்லில் ஆயிரம் முறை செய்த அதே சைகை. மூன்றாம் நாளே குட்டிக்கு அது விளங்கிவிட்டது. விரல் கூடுவதைப் பார்த்தால் வால் சுழல ஓடிவரும். அடுத்த ஞாயிறு தராசில் முக்கால் கிலோ ஏறியிருந்தது. ஞானதுரை ஒன்றுக்கு இரண்டு முறை நிறுத்துப் பார்த்தார்.

கூழிலிருந்து களிக்கு வந்தது. களியிலிருந்து, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்த துண்டுகளுக்கு வந்தது. அங்கேதான் சிக்கல். மற்ற ஆறும் உலர்ந்த துண்டுக்குச் சுலபமாக மாறிவிட்டன. ஒன்று கடித்தால் நறுக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே மற்றது ஓடிவந்து பிடுங்கித் தின்னும். பிடுங்கின ருசியில் தானும் கடிக்கப் பழகிவிடும். ஏழாவது குட்டிக்கு அந்தச் சத்தம் கிடையாது. தட்டில் கிடக்கிற கருப்புத் துண்டுகள் அதற்கு வெறும் கல். முகர்ந்து பார்த்து மூக்கால் தள்ளிவிட்டு, களி எங்கே என்று அவள் கையை நக்கும்.

இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ஞாயிறு. ஞானதுரையும் கூட இருந்தார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் முழங்கையூன்றிக் குட்டியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு, தாடையை நன்றாக அசைத்து அசைத்து மென்றாள்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத?" என்றார் ஞானதுரை.

அவள் பேசாமலிருக்கும்படி கையைக் காட்டினாள். குட்டி தலையைச் சாய்த்து அவள் தாடையையே பார்த்தது. அருகில் வந்து மோவாயை நக்கியது. அவள் இரண்டாவது துண்டை எடுத்து முன்பல்லில் பாதி வெளியே தெரியப் பிடித்துக்கொண்டாள். குட்டி எக்கி, அவள் உதட்டில் மூக்கு இடிக்க, அதைக் கவ்வி இழுத்தது. இழுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வைத்தபடியே நின்றது. அவள் மறுபடி மென்று காட்டினாள். குட்டியின் வாய் ஒருமுறை மூடித் திறந்தது. துண்டு உடைந்தது. சத்தம் இவர்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. குட்டிக்கு அது எப்படி இருந்திருக்குமோ. உடைந்ததில் ஒரு பாதி கீழே விழுந்தது. குனிந்து அதையும் எடுத்துத் தின்றது. பிறகு அவள் வாயைப் பார்த்தது. அவள் தட்டைக் காட்டினாள்.

"உப்புப் போட்டிருக்கலாம்" என்றாள் எழுந்து உட்கார்ந்து.

"நாளையிலேருந்து உனக்குன்னு தனியாப் போட்டுத் தாரேன்" என்றார் அவர்.

ஒரு வாரத்தில் அந்தக் குட்டி உலர்ந்த தீனியைத் தின்று, தானே போய்த் தண்ணீர் குடித்து, தானே வெயிலில் படுத்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மார்ச் நடுவில் குட்டி பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் மகாராஜபுரத்துச் சுந்தரபாண்டியன். ராணுவத்தில் ஹவில்தார், லீவில் வந்திருந்தார். மலையடிவாரத்தில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு. அப்பா ஒருத்தராக அங்கே இருக்கிறார், பன்றித் தொல்லை அதிகம், காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றார்.

அவருடைய புல்லட் தடதடவென்று பின்கட்டு வாசல்வரை வந்து நின்றபோது ஆறு குட்டிகளும் நாய்கள் அடைகிற கொட்டத்துக்குள் ஓடிவிட்டன. ஏழாவது குட்டி மட்டும் வெயிலில் உட்கார்ந்து வண்டியையும் அவரையும் நிதானமாகப் பார்த்தது. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

"இதுதான் ஐயா. வண்டி வந்து நிக்குது, கண்ணு சிமிட்டல பாருங்க. பயம்னா என்னன்னே தெரியல."

ராஜா முகத்தில் பெருமை தெரிந்தது. "உலர்ந்த தீனி திங்குது. நீங்க எதுவும் காய்ச்ச வேண்டாம். எல்லாம் இந்த அம்மா பழக்கினது."

சுந்தரபாண்டியன் குட்டியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அது அவர் காதை நக்கியது. ராணுவக்காரர் கூச்சத்தில் சிரித்தார். கருத்தப்பாண்டி தூரத்திலிருந்து பரிபூரணத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கண்ணால் காட்டினார். குட்டி நல்ல இடத்துக்குத்தானே போகிறது என்பது அவர் எண்ணம்.

அவளுக்கு அந்தத் தோப்பு மனதில் வந்தது. பின்னாலிருந்து பன்றி வந்தால் இதற்குக் கேட்காது. வயசான மனிதர் கூப்பிட்டாலும் கேட்காது. கேட்காததற்கு அடி விழும். எதற்கு அடி என்றும் அதற்குத் தெரியாது.

"அதுக்குக் காது கேக்காதுங்க" என்றாள்.

வழக்கமான அவள் குரல்தான். பின்கட்டு முழுக்கக் கேட்டது.

சுந்தரபாண்டியன் குட்டியைத் தோளிலிருந்து இறக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். ராஜா அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினாறு நாளா ஐயா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்நேரம் இருந்திருக்காதுங்க."

ராஜா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். சுந்தரபாண்டியன் குட்டியை அவள் கையில் கொடுத்தார். "சொன்னது நல்லதும்மா. எங்கப்பாவுக்கு வெளியில போட்டு வளக்கத்தான் தெரியும்" என்றார். கொட்டத்துக்குள்ளிருந்து வேறொரு கடுவன் குட்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பரிபூரணம் ஓடிப்போய் ஒரு பொட்டலத் தீனியை வண்டியில் வைத்து, நான்கு வேளை, பக்கத்தில் தண்ணீர், ஒரேயடியாகத் தீனியை மாற்றவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

மத்தியானம் கருத்தப்பாண்டி உள்ளேயிருந்து சேதி கொண்டுவந்தார்.

"இனி நீ வரவேண்டாம்னுட்டாவ தாயி. அந்தக் குட்டியும் இங்க இருக்கவேண்டாமாம். உன் இஷ்டம்னாவ."

அவள் குட்டியை ரஸ்க் கூடையில் வைத்து, மேலே முந்தானையைப் போட்டு மூடி, எங்கள் தெருவுக்கு நடந்து வந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். கூடைக்குள்ளிருந்து ரோஸ் மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

"என்ன தங்கச்சி, வேலை போச்சா?"

"போச்சு அண்ணாச்சி. கூலி கையோட வந்துட்டு" என்று கூடையைக் காட்டினாள்.

ஞானதுரை அதற்கு ரோஸி என்று பேர் வைத்தார். காது கேட்காத நாய்க்குப் பேர் எதற்கு என்று கேட்டேன். "நமக்குச் சொல்லிக்கிட ஒண்ணு வேணும்லா" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மில் திறந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் ஷிப்டு. பரிபூரணம் என் டைம் ஆபீஸ் ஜன்னலில் வருகைக் கார்டை வாங்கிக்கொண்டு போகும்போதே முகம் சரியில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஞானதுரை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார். பத்து வாரக் குட்டி உள்ளே தனியாக இருக்கிறது. இரண்டு தட்டில் உலர்ந்த துண்டுகள், ஒரு மண்சட்டியில் தண்ணீர், ஒரு பழைய சாக்கு. "சோறா இருந்தா புளிச்சுப்போவும், எறும்பு வந்துரும். இது கெடாது அண்ணாச்சி. ஆனா நான் இல்லாம திங்குமான்னுதான் தெரியல" என்றாள்.

மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்ததும் அவள் ஓடியதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லையாம். ஏதோ அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மெல்லத் தள்ளி உள்ளே கையை விட்டால், குட்டி கதவோடு முதுகை ஒட்டிப் படுத்திருக்கிறது. கதவு அசைந்தால் யாரோ வருகிறார்கள் என்று தெரியுமல்லவா; அதற்காக. இரண்டு தட்டும் காலி. சட்டியில் பாதித் தண்ணீர். அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். குட்டி அவள் மடியில் ஏறிக்கொண்டது. அன்றைக்குப் பிறகும் யாரும் வீட்டில் இல்லாத நேரம் ரோஸி கதவோடு ஒட்டித்தான் படுக்கும்.

வளர்ந்த பிறகு அது தெருவுக்கே செல்லமாகிவிட்டது. எங்கள் தெருச் சனங்கள் எல்லாரும் அந்த மில் கைப்பேச்சில் நாலைந்து சொல்லாவது படித்துக்கொண்டார்கள். சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் பயந்து பரிபூரணம் அதைக் கயிறில்லாமல் வெளியே விடமாட்டாள்.

மூன்று வருஷம் கழித்து, 1989 மழைக்காலத்தில், ஒருநாள் எங்கள் தெருமுனையில் ஒரு அம்பாசிடர் கார் நின்றது. கோதண்டராம ராஜா இறங்கி, ஒரு அட்டைப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். பெட்டியில் ஐந்து குட்டிகள். தாய் செத்துவிட்டதாம்.

பரிபூரணம் ஷிப்டு முடிந்து வந்து நாலைந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். அவர் வந்ததைப் பார்த்து எழுந்து நின்றாள். அன்று லீவில் வீட்டிலிருந்த ஞானதுரை நாற்காலியை எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு நீ அந்தப் பட்டாளத்துக்காரர்கிட்ட உண்மையைச் சொன்னதுல எனக்குக் கோபம் இல்லம்மா. பதினாறு நாள் எங்கிட்ட மறைச்சியே, அதுதான்."

"தப்புதான் ஐயா" என்றாள். "ஆனா வேற வழி தெரியல."

அவர் தலையை அசைத்தார். ரோஸி உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்று அவரைப் பார்த்தது. உயரமும் நீளமுமாக, குறை சொல்ல முடியாத நாய். அவர் பார்வை அதன் காலிலிருந்து கழுத்துவரை போனது. தெலுங்கில் ஏதோ மெல்லச் சொன்னார். பிறகு கேட்டார்:

"இதை எப்படிக் கூப்பிடுவ?"

அவள் விரல்களைக் கூட்டி வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். ராஜாவும் அதேபோலச் செய்தார். மோதிரம் போட்ட அந்தக் கை கொஞ்சம் தயங்கித்தான் மேலே போனது. ரோஸி நேரே வந்து அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பரிபூரணம் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ரோஸி பல் படாமல் உதட்டால் எடுத்துத் தின்றது.

"இனிமே எங்க வீட்டுல இப்படி ஒண்ணு பொறந்தா உன்கிட்டச் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். அடுத்த ஆறேழு வருஷத்தில் நான்கு குட்டிகள் அப்படி வந்தன. மற்ற வீடுகளிலிருந்தும் தாயில்லாக் குட்டி, தின்னாத குட்டி என்று கொண்டுவந்து விடுவார்கள். கான்சாபுரத்திலிருந்துகூட ஒருவர் பஸ்ஸில் மஞ்சள் பைக்குள் குட்டியோடு வந்திருக்கிறார். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் அவள் பார்ப்பாள். லீவு நாளில் ஞானதுரை பார்ப்பார். காது கேட்காதவற்றை, வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறவர்களாகப் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். வாங்கவந்தவர் முன்னால் குட்டிக்குப் பின்னே நின்று கைதட்டிக் காட்டிவிடுவாள்.

ரோஸி பத்து வருஷத்துக்குமேல் இருந்தது. 1996 நவம்பரில், இரண்டு நாள் தீனி எடுக்காமல் கிடந்து, ஒரு காலையில் செத்துப்போனது. ஞானதுரையும் நானும் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினோம். மழை பெய்து மண் இளகியிருந்ததால் சீக்கிரம் வேலை முடிந்தது. பரிபூரணம் அழவில்லை. சாக்கை அலசி வேலியில் காயப்போட்டாள்.

மில்லில் இத்தனை வருஷத்தில் அவள் லீவு கேட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறுநாள் ஷிப்டுக்கு வந்தவள் நேற்றைய லீவுக்குக் கடிதம் கொடுக்க ஜன்னலுக்கு வந்தாள். எழுதுவது எப்போதும் நான்தான். அவள் கையெழுத்து மட்டும் போடுவாள்.

"காரணம் என்ன போட தங்கச்சி? உடம்பு சரியில்லன்னு போட்டுறவா?"

"போடுங்க அண்ணாச்சி."

நான் பேனாவை எடுத்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம். எனக்கு உடம்புக்கு என்ன. எங்க வீட்டு நாய் செத்துப்போச்சுன்னே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். சாயங்காலம் வைண்டிங் மாஸ்டர் மேஜையிலிருந்து கடிதங்கள் திரும்பி வந்தபோது அவளுடையதைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.